திரை உறைந்தால் கணினியே நின்றுவிட்டதா? டிஸ்ப்ளே சர்வரை மட்டும் மறுதொடக்கம் செய்வது எப்படி

மவுஸ் அம்பு அசைகிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. சில நேரம் அம்பும் சேர்ந்து நின்றுவிடும். மூலையில் இருக்கும் கடிகாரம் 11.42-ஐத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே கை தானாகப் பவர் பட்டனுக்குப் போகிறது. நாலைந்து நொடி அழுத்திப் பிடித்து, அணைத்து, மறுபடி போடுவது. மதுரையில் நான் போய்வரும் டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை, கோச்சிங் சென்டர் எதுவானாலும் இதுதான் கைவைத்தியம்.

ஆனால் அங்கே பல நேரம் கணினி நின்றிருக்காது. திரையில் படம் காட்டுகிற வேலையைச் செய்யும் ஒரு நிரல் மட்டும் சிக்கிக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க், பிரிண்டர் வரிசை, பக்கத்துக் கணினிகளுக்குக் கோப்பு கொடுக்கும் வேலை எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஒரு நிரலை மட்டும் நிறுத்தி மறுபடி கிளப்பினால் போதும். அந்த நிரலுக்கு டிஸ்ப்ளே சர்வர் என்று பெயர். இது முக்கியமாக லினக்ஸ் கணினிகளுக்கான கட்டுரை. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு பத்தி இருக்கிறது.

திரைக்கும் நிரலுக்கும் நடுவில் இருப்பது

நீங்கள் பிரவுசர் திறக்கிறீர்கள். பிரவுசர் நேராகப் போய்த் திரையில் எழுதுவதில்லை. "எனக்கு இவ்வளவு அகல உயரத்தில் ஒரு விண்டோ வேண்டும், அதில் இதைக் காட்டு" என்று டிஸ்ப்ளே சர்வரிடம் கேட்கிறது. கால்குலேட்டரும் அப்படித்தான், டிசைன் மென்பொருளும் அப்படித்தான். யார் முன்னால், யார் பின்னால், அம்பு இப்போது யார் மேல் நிற்கிறது, நீங்கள் தட்டிய எழுத்து யாருக்குப் போக வேண்டும் என்று பஞ்சாயத்து பண்ணுவது டிஸ்ப்ளே சர்வரின் வேலை.

மேலூர் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்கு விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். மேடையும் மைக்செட்டும் விளக்கும்தான் டிஸ்ப்ளே சர்வர்; ராஜபார்ட்டும் பபூனும் உங்கள் விண்டோக்கள். மேடையைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றால் அத்தனை நடிகர்களும் கீழே இறங்கத்தான் வேண்டும். ஆனால் கோயிலுக்குப் பின்னால் அன்னதானத்துக்குக் கொதிக்கிற உலை அதற்காக நிற்காது.

டிஸ்ப்ளே சர்வரை மறுதொடக்கம் செய்தால் திறந்திருக்கும் எல்லா விண்டோவும் மூடும், சேமிக்காத வேலை போகும். பின்னணியில் ஓடும் சேவைகள் போகாது. பவர் பட்டனை அழுத்தினால் இரண்டுமே போகும், கூடவே டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்ததும் பாதியில் அறுந்துபோகும்.

இந்தப் பிரிவினை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எக்ஸ் விண்டோ சிஸ்டம் உருவானது. ஒரு பெரிய கணினியில் நிரல் ஓடும். அதன் விண்டோ வேறு அறையில் இருக்கும் இன்னொரு திரையில் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. அதனால் ஓடுவது தனி, காட்டுவது தனி என்று ஆரம்பத்திலேயே பிரித்துக் கட்டினார்கள். 1987-ல் வந்த பதினோராம் பதிப்பு, எக்ஸ்11 என்ற பெயரில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. 2008-ல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் என்ற பொறியாளர் வேலேண்ட் என்ற புதிய முறையைத் தொடங்கினார். இன்று உபுண்டு, ஃபெடோரா இரண்டும் போட்டவுடன் வேலேண்டில்தான் திறக்கின்றன. லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப் மாற்றாமல் விட்டால் எக்ஸ்11-ல் ஓடுகிறது.

உங்களுடையது எது என்று பார்ப்பது சுலபம். உபுண்டுவில் செட்டிங்ஸ் திறந்து, அபவுட் பகுதியில் சிஸ்டம் விவரங்களைப் பாருங்கள். விண்டோயிங் சிஸ்டம் என்ற வரியில் எக்ஸ்11 அல்லது வேலேண்ட் என்று இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். உறைந்த பிறகு செட்டிங்ஸைத் திறக்க வழி இருக்காது.

இன்னொரு ஆளும் இதில் உண்டு: டிஸ்ப்ளே மேனேஜர். கணினியைப் போட்டதும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற திரை இவருடையது. உபுண்டுவில் ஜிடிஎம், மின்ட்டில் லைட்டிஎம், கேடிஇ டெஸ்க்டாப் இருக்கும் பல கணினிகளில் எஸ்டிடிஎம். டிஸ்ப்ளே சர்வரைக் கிளப்பிவிடுவது இவர்தான் என்பதால், இவரை மறுதொடக்கம் செய்தால் அதுவும் சேர்ந்து புதிதாகக் கிளம்பும். பிறகு நாம் தட்டப்போகும் கட்டளை இவரைக் குறிவைத்துத்தான்.

முதலில், உறைந்தது எது?

சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடிக்கிற ஒரு கடை. மூன்று லினக்ஸ் மின்ட் கணினிகள். நடுவில் இருப்பதில்தான் பிரிண்டர் இணைந்திருக்கிறது, எல்லா டிசைன்களும் இருக்கும் பொதுக் கோப்புறையும் அதில்தான். ஆவணி முகூர்த்த நேரம், கடை நிறைய ஆள். டிசைன் பண்ணுகிற பெண்ணிடமிருந்து போன்.

"அண்ணே, நடு மிஷின் அப்படியே நின்னுபோச்சு. பட்டனை அமுக்கிரவா?"

"பொறும்மா, அமுக்காத. மத்த ரெண்டு மிஷின்ல பொது ஃபோல்டர் திறக்குதா பாரு."

"திறக்குதுண்ணே. பிரிண்டும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை. பக்கத்துக் கணினிக்குக் கோப்பு கொடுக்கிறது, பிரிண்டருக்குத் தாள் தள்ளுகிறது என்றால் அது செத்துப்போன கணினி இல்லை. அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தினால் மற்ற இரண்டு பேரின் வேலையும் தொங்கும், பாதி அச்சான பத்திரிகையும் வீணாகும்.

தனிக் கணினி என்றால் கேப்ஸ்லாக் சாவியைத் தட்டிப் பார்க்கலாம். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழிப்போடுதான் இருக்கிறது. எரியாவிட்டால் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல நேரம் அந்த விளக்கை ஏற்றி இறக்குவதும் டிஸ்ப்ளே சர்வர்தான், அது சிக்கியிருந்தால் விளக்கும் சிக்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தால் வேறு கதை: ரேம் நிறைந்து, டிஸ்கை ரேம் மாதிரி பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தானாகவே விடுபட்டிருக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அந்தச் சில நிமிடங்கள் கொடுத்துப் பாருங்கள்.

கறுப்புத் திரைக்குப் போவது

லினக்ஸில் நீங்கள் பார்க்கிற டெஸ்க்டாப்புக்குப் பின்னால் எழுத்து மட்டும் இருக்கும் சில திரைகள் எப்போதும் காத்திருக்கின்றன. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 அழுத்தினால் அதில் ஒன்று வரும். சில லேப்டாப்பில் எஃப்என் சாவியும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கறுப்புத் திரை, கணினியின் பெயர், பக்கத்தில் லாகின் என்று ஒரு சொல். வழக்கமான பயனர்பெயரைத் தட்டி என்டர், அப்புறம் கடவுச்சொல். கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரமோ புள்ளியோ எதுவும் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் இங்கேதான் திரும்பிவிடுகிறார்கள். தெரியாமல்தான் ஏறும், தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் திரையில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. தமிழில் பெயர் வைத்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தத் திரையின் எழுத்துருவில் தமிழுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். கோப்பு கெடவில்லை, பெயரும் கெடவில்லை. டெஸ்க்டாப்புக்குத் திரும்பினால் பழையபடி படிக்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் இங்கே வேலை செய்யாது, அது டெஸ்க்டாப்போடு சேர்ந்து வருகிற சமாச்சாரம். இங்கே தட்டுவது எல்லாம் ஆங்கிலம்தான்.

உள்ளே வந்தாயிற்று. உடனே மறுதொடக்கம் செய்யாதீர்கள். டாப் என்று மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல் வரும், சில நொடிக்கு ஒரு முறை தானே புதுப்பித்துக்கொள்ளும். ஷிஃப்ட்டோடு எம் அழுத்தினால் யார் அதிகம் ரேம் தின்கிறார்களோ அவர் மேலே வருவார்.

சிம்மக்கல் கடையில் மேலே வந்தது டிசைன் மென்பொருள். கட்சிக்காரர் ஒருவருக்கு நாற்பதடி ஃபிளெக்ஸ். அதில் போன் கேமராவில் எடுத்த படங்களை அப்படியே, சுருக்காமல், வரிசையாக ஏற்றியிருந்தார்கள். இருந்த ரேம் முழுவதும் அதற்கே போயிருந்தது. அப்படியென்றால் டிஸ்ப்ளே சர்வர் மேல் குற்றமே இல்லை. அந்த ஒரு நிரலை நிறுத்தினால் போதும், மற்ற விண்டோக்கள் பிழைக்கும். டாப் திரையிலேயே கே அழுத்தி, அந்த நிரலின் வரியில் இடது ஓரம் இருக்கும் எண்ணைத் தட்டி, இரண்டு முறை என்டர். அடங்காவிட்டால் மறுபடி கே, அதே எண், என்டர், அடுத்த கேள்விக்கு 9 தட்டி என்டர். முதலாவது "மூடிக்கொள்" என்று சொல்வது, 9 என்பது கேட்காமல் வெட்டுவது. பிறகு க்யூ அழுத்தி டாப்பிலிருந்து வெளியே வாருங்கள்.

டெஸ்க்டாப்புக்குத் திரும்ப மின்ட்டில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7. உபுண்டுவில் பெரும்பாலும் எஃப்2. எஃப்1-ல் லாகின் திரை இருக்கும். எண் நினைவில்லை என்றால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதில் தப்பே இல்லை, எதுவும் கெடாது. அங்கே பிரவுசரும், பில் போடும் விண்டோவும், வாடிக்கையாளர் அனுப்பிய மணமக்கள் பெயர்ப் பட்டியலும் அப்படியே இருந்தன. போனது அந்த ஃபிளெக்ஸ் மட்டும்.

விண்டோவைக் கொல்லாமல் தோலை மட்டும் மாற்றுவது

டாப்பில் யாரும் குற்றவாளியாகத் தெரியவில்லை, ஆனால் கீழே இருக்கும் பேனல் செத்துக்கிடக்கிறது, மெனு திறக்கவில்லை, விண்டோவை இழுக்க முடியவில்லை. இப்படி இருந்தால் நடுவில் ஒரு மலிவான படி உண்டு. எக்ஸ்11-ல் டிஸ்ப்ளே சர்வர் வேறு, பேனலும் மெனுவும் விண்டோ விளிம்பும் போடுகிற டெஸ்க்டாப் நிரல் வேறு. அந்த இரண்டாவதை மட்டும் புதுப்பிக்கலாம். மின்ட் சின்னமனில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். திரை ஒரு முறை சிமிட்டி, பேனல் மறைந்து மறுபடி வரும், விண்டோக்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். உபுண்டுவில் வருகிற க்னோம் டெஸ்க்டாப் எக்ஸ்11-ல் ஓடினால் ஆல்ட்டும் எஃப்2-வும் அழுத்தி, வருகிற சின்னப் பெட்டியில் ஆர் என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி என்டர்.

வேலேண்டில் இந்தச் சலுகை க்னோமுக்கு இல்லை. அங்கே டெஸ்க்டாப் நிரலே டிஸ்ப்ளே சர்வராகவும் இருக்கிறது. அது விழுந்தால் எல்லாம் விழும். பாதுகாப்பிலும் படம் கிழியாமல் காட்டுவதிலும் வேலேண்ட் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பழைய எக்ஸ்11 தேவலை என்பது என் எண்ணம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸ் சாவி, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்து பி (பேக்ஸ்பேஸின் முதல் எழுத்து) அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்தோடு திரை இருண்டு வரும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது, எந்த விண்டோவும் மூடாது. டாஸ்க்பார் மட்டும் செத்திருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்ற வரியில் ரீஸ்டார்ட் கொடுங்கள். இனி வருவது அவர்களுக்கு இல்லை.

மேடையையே பிரித்துக் கட்டுவது

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை. அப்போதுதான் டிஸ்ப்ளே சர்வர். கறுப்புத் திரையில் லாகின் ஆகித் தட்ட வேண்டியது நான்கு சொல், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, சொல்லுக்குச் சொல் ஒரு இடைவெளி:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளே-மேனேஜர்

இரண்டாவது சொல்லில் சிஸ்டம் என்பதோடு சி, டி (டாப்பில் வரும் டி), எல் என்ற மூன்று எழுத்தும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும். கடைசிச் சொல்லில் டிஸ்ப்ளே, மேனேஜர் இரண்டுக்கும் நடுவில் சின்னக் கோடு, அங்கேயும் இடைவெளி கிடையாது. சூடோவை எஸ், யூ, டி (டிஸ்கில் வரும் டி), ஓ என்று தட்ட வேண்டும்; நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம். அதனால் கடவுச்சொல்லை மறுபடி கேட்கும். உங்களிடம் இருப்பது ஜிடிஎம்மா லைட்டிஎம்மா என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, எது இருந்தாலும் டிஸ்ப்ளே-மேனேஜர் என்ற பொதுப்பெயருக்குக் கட்டுப்படும். என்டர் அழுத்திய சில நொடியில் லாகின் திரை வந்து நிற்கும். கணினியை முழுக்க அணைத்துப் போடுவதைவிட இது பல மடங்கு வேகம்.

என்டர் அழுத்துவதற்கு முன் யோசிக்க வேண்டியது, என்ன போகும் என்று. சேமிக்காத எல்லாம் போகும். லிப்ரே ஆபீஸ் அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புப் பிரதி எழுதிவைக்கும், அதனால் அடுத்த முறை திறக்கும்போது மீட்டுத் தரட்டுமா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். பிரவுசரில் பாதியில் இருக்கும் டவுன்லோடு அறுந்துபோகும். பென்டிரைவுக்குப் போய்க்கொண்டிருக்கும் காப்பி, ஃபைல் மேனேஜர் விண்டோவில் தொடங்கியதுதானே, அதுவும் நிற்கும். ஏற்கெனவே பிரிண்டர் வரிசைக்குப் போய்விட்ட வேலைகள் நிற்காது. அவற்றைப் பார்த்துக்கொள்வது கப்ஸ் என்ற பின்னணிச் சேவை. பொதுக் கோப்புறை, டேட்டாபேஸ், வெப் சர்வர் இவற்றுக்கும் பாதிப்பில்லை. ஸ்விட்ச் யூசர் போட்டு இன்னொருவரும் அதே கணினியில் லாகின் ஆகியிருந்தால், அவருடைய விண்டோக்களும் சேர்ந்து போகும். வீட்டில் ஒரே கணினியை அக்காவும் தம்பியும் பங்கு போடுகிறார்கள் என்றால் கேட்டுவிட்டுச் செய்வது சண்டையைத் தவிர்க்கும்.

ஒரே ஒரு இடத்தில் கண்டிப்பாகச் செய்யவே கூடாது. டெர்மினல் விண்டோவில் சிஸ்டம் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்தால் கை வைக்காதீர்கள். அந்த டெர்மினலும் ஒரு விண்டோதான். அது மூடும்போது உள்ளே ஓடும் அப்டேட்டும் அறுபடலாம். மென்பொருள் பொதிகளைப் பாதி நிறுவிய நிலையில் நின்றால் அதைச் சரிசெய்வது இன்றைய பிரச்சினையைவிடப் பெரிய தலைவலி. கறுப்புத் திரையில் டாப் போட்டு, அப்டேட்டை நடத்தும் ஏபிடி அல்லது டிபிகேஜி என்ற நிரலின் பெயர் பட்டியலில் அடங்கும்வரை காத்திருங்கள். இப்படிப்பட்ட நீண்ட வேலைகளை டிமக்ஸ் என்ற சின்ன நிரலுக்குள் தொடங்கும் பழக்கம் நல்லது: விண்டோ போனாலும் உள்ளே இருப்பது ஓடும், திரும்ப லாகின் ஆகி அதில் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

பழைய லினக்ஸ்காரர்கள் இவ்வளவு சுற்ற மாட்டார்கள்; கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் என்று ஒரே தட்டு. எக்ஸ்11 சர்வர் அந்த இடத்திலேயே விழுந்து எழும். தெரியாமல் அழுத்தி வேலையை இழந்தவர்கள் அதிகம் என்பதால் 2009-ல் வந்த உபுண்டு 9.04 அதை மூடி வைத்தது. வேண்டுமென்றால் இன்றும் எக்ஸ்11 கணினிகளில் கீபோர்டு அமைப்பில், லேஅவுட் பகுதியின் ஆப்ஷன்ஸில், எக்ஸ் சர்வரை நிறுத்தும் சாவிச் சேர்க்கை என்று தேடி இயக்கிக்கொள்ளலாம். கடைக் கணினியில் நான் இதைப் போட்டுக் கொடுப்பதில்லை. வாடிக்கையாளரின் குழந்தை கீபோர்டில் தாளம் போடுகிற இடம் அது.

கறுப்புத் திரையே வரவில்லை என்றால்

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தியும் ஒன்றும் அசையவில்லை. எக்ஸ்11-ல் இதற்குக் காரணம் இருக்கிறது: அந்தச் சாவிகளைப் படித்துத் திரையை மாற்றச் சொல்வதும் எக்ஸ் சர்வர்தான். அது முழுக்க அடைத்துப்போனால் உங்கள் கோரிக்கை உள்ளே போய்ச் சேராது.

அப்போது வெளியிலிருந்து வரலாம். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் என்ற பொதியை முன்கூட்டியே நிறுவியிருந்தால், பக்கத்துக் கணினியிலிருந்தோ ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போன்ற ஒரு செயலியிலிருந்தோ அதே வைஃபை வழியாக உள்ளே நுழையலாம். எஸ்எஸ்ஹெச் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, பயனர்பெயர், அட் குறி, உறைந்த கணினியின் ஐபி முகவரி. நுழைந்த பிறகு மேலே சொன்ன அதே டாப், அதே நான்கு சொல். ஐபி முகவரியையும் அந்தத் துண்டுச் சீட்டில் எழுதிவிடுங்கள். ரவுட்டரில் அது மாறாமல் இருக்கும்படி ஒதுக்கிவைத்தால் இன்னும் நல்லது. ஒன்றுக்கு மேல் கணினி இருக்கும் கடைக்கு இதைவிடப் பயனுள்ள முன்னேற்பாடு கிடையாது.

அதுவும் இல்லையென்றால் சிஸ்ஆர்க்யூ சாவி. கீபோர்டில் பிரிண்ட் ஸ்கிரீன் என்று எழுதியிருப்பதுதான். ஆல்ட்டையும் இதையும் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்தை அழுத்தினால் டிஸ்ப்ளே சர்வரைக் கேட்காமல் நேராக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் போகும். ஆர் அழுத்தினால் கீபோர்டை எக்ஸ் சர்வரின் பிடியிலிருந்து விடுவிக்கும். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 வேலை செய்ய வாய்ப்புண்டு. கே அழுத்தினால் அந்தத் திரையில் ஓடும் எல்லாவற்றையும் கொன்றுவிடும், டிஸ்ப்ளே மேனேஜர் புதிதாக லாகின் திரையைக் கொண்டுவரும்.

ஆனால் உபுண்டுவில் இந்த இரண்டு எழுத்தும் பூட்டியே வரும். எந்த எழுத்துக்கு அனுமதி என்பதை ஒரே எண்ணில் குறித்து வைக்கிறார்கள். உபுண்டுவின் எண் 176, அதாவது 128, 32, 16 மூன்றின் கூட்டல். கீபோர்டு தொடர்பான ஆர், கே இரண்டுக்கும் வேண்டியது 4. அது இந்தக் கூட்டலில் இல்லை. கூட்டி 180 ஆக்கினால் திறந்துகொள்ளும். ஆனால் அதைக் கணினி நலமாக இருக்கும்போதே செய்துவைக்க வேண்டும். பலர் வந்து போகும் இடத்தில் இருக்கும் கணினியில் கேயைத் திறந்து வைக்கலாமா என்பது உங்கள் முடிவு.

176-லேயே அனுமதி இருக்கும் மூன்று எழுத்து எஸ், யூ, பி (பேக்ஸ்பேஸின் முதல் எழுத்து). டிஸ்ப்ளே சர்வர் மட்டுமல்ல, வேறு எதுவுமே பேச மறுக்கும்போது இவை. ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டையும் பிடித்தபடி எஸ்; எழுதாமல் பாக்கி இருப்பதை டிஸ்கில் எழுதச் சொல்லும். இரண்டு மூன்று நொடி விட்டு யூ. டிஸ்கை இனி எழுத முடியாதபடி பூட்டும். பிறகு பி, கணினியை மறுபடி கிளப்பும். கணினி முழுக்க மறுதொடக்கம் ஆகிறது என்றாலும், பவர் பட்டனைவிட இது டிஸ்குக்கு எவ்வளவோ மேல்.

திரும்பி வந்த பிறகு

லாகின் திரை வந்துவிட்டது, கடவுச்சொல் கொடுக்கிறீர்கள், திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி லாகின் திரையிலேயே வந்து நிற்கிறது. கடவுச்சொல் தப்பு என்றும் சொல்லவில்லை. டிசைன் கடைகளில் இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க் நிறைந்துபோனதை. டெஸ்க்டாப் திறக்கும்போது சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். இடம் இல்லையென்றால் திறக்காமலே விழுந்துவிடும். கறுப்புத் திரைக்குப் போய், டிஎஃப் (டிஸ்கில் வரும் டி) என்று தட்டி, இடைவெளி விட்டு, சின்னக் கோடும் ஹெச்சும் சேர்த்து என்டர் கொடுங்கள். எந்த வரியிலாவது 100 சதவீதம் என்று இருந்தால் அதுதான் காரணம். பழைய பெரிய படக் கோப்புகளை வேறு டிஸ்குக்கு மாற்றினால் வழி திறக்கும். இடம் தாராளமாக இருந்தும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தால், வீட்டுக் கோப்புறையில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் பெயருக்கு மாறியிருக்கிறதா பாருங்கள். டெஸ்க்டாப் நிரல் எதையாவது சூடோ போட்டுத் திறந்தவர்களுக்கு இது வரும். அந்தக் கோப்பை நீக்கிவிட்டு லாகின் ஆனால் புதிதாக உருவாகிவிடும்.

அடிக்கடி உறைகிறது என்றால் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். மின்ட்டில் எக்ஸ் சர்வர் தன் நாட்குறிப்பை வார் கோப்புறைக்குள் லாக் என்ற கோப்புறையில், தன் பெயரிலேயே எழுதிவைக்கிறது. சில நூறு வரி ஓடும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. அடைப்புக்குறிக்குள் இரண்டு ஈ போட்டிருக்கும் வரிகள் மட்டும் பிழைகள். இரண்டு டபிள்யூ இருப்பவை வெறும் எச்சரிக்கைகள், நன்றாக ஓடும் கணினியிலும் அவை நிறைய இருக்கும். ஈ வரிகளைப் போனில் படம் எடுத்து, விவரம் தெரிந்தவருக்கு அனுப்புங்கள். "சிஸ்டம் ஹேங் ஆகுதுண்ணே" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்த இரண்டு வரி இருந்தால் டிரைவர் பிரச்சினையா, கார்டு சூடாகிறதா என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

சிம்மக்கல் கடையில் குறிப்பேடு வரை போக வேண்டியிருக்கவில்லை. படங்களைச் சுருக்கி ஏற்றும்படி சொன்னேன், ரேமை இரட்டிப்பாக்கினார்கள், மூன்று கணினியிலும் எஸ்எஸ்ஹெச் போட்டாயிற்று.